பந்தயப் படகின் பாய்மரமும் ஷ்ரௌட் இறுக்கமும்: படிப்படியாக டியூன் செய்யும் முறை

பந்தயப் படகு ஓட்ட வந்தவர்கள் எடுத்தவுடனே கேட்பது, "ஷ்ரௌட்டில் கேஜ் எத்தனை காட்டணும்?" என்றுதான். ஷ்ரௌட் என்பது பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி, கேஜ் அதன் இறுக்கத்தைக் காட்டும் கருவி. நியாயமான கேள்வி, ஆனால் வரிசையில் கடைசியாக வரவேண்டியது. பாய்மரம் பக்கவாட்டில் நடுவில் நிற்கிறதா, பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, நடுவில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்ற மூன்றும் முடிவாகாமல் கேஜ் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. நல்ல செட்டிங் ஒன்று அமைந்துவிட்டால் அதை அடுத்த வாரம் அப்படியே திரும்பக் கொண்டுவர கேஜ் கைகொடுக்கும். அந்த நல்ல செட்டிங் எது என்பதைப் படகு காற்றை எதிர்த்து ஏறும்போது பாய்மரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய பந்தயப் படகுகளில் அதிகம் இருப்பது ஃப்ராக்‌ஷனல் ரிக். ரிக் என்பது பாய்மரமும் அதைத் தாங்கும் கம்பிகளும் சேர்ந்தது. இந்த வகையில் முன்கம்பியான ஃபோர்ஸ்டே பாய்மர உச்சிவரை போகாமல் சற்றுக் கீழேயே நின்றுவிடும், பாய்மரத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு ஷ்ரௌட்டைத் தள்ளிப்பிடிக்கும் கைகளான ஸ்ப்ரெடர்கள் பின்னோக்கிச் சரிந்திருக்கும். இந்த வழிகாட்டி அதை வைத்தே எழுதப்பட்டது. ஃபோர்ஸ்டே உச்சிவரை போகும் மாஸ்ட்ஹெட் ரிக்கில் மாறுபடுவதை அங்கங்கே சொல்கிறேன்.

எந்தக் கம்பி என்ன செய்கிறது

மேல் ஷ்ரௌட், அதாவது கேப், ஸ்ப்ரெடர் நுனியைத் தொட்டுக்கொண்டு மேலே போய் பாய்மரத்தின் மேல்பகுதியைப் பக்கவாட்டில் பிடிக்கிறது. கீழ் ஷ்ரௌட், அதாவது லோயர், முதல் ஸ்ப்ரெடரின் அடியில் முடிகிறது. நடுப்பகுதி அதன் பொறுப்பு. இரண்டு ஜோடி ஸ்ப்ரெடர் உள்ள படகில் இடையில் இன்டர்மீடியட் என்று ஒன்று கூடுதலாக இருக்கும். முன்னால் ஃபோர்ஸ்டே, பின்னால் பேக்ஸ்டே.

ஸ்ப்ரெடர் பின்னோக்கிச் சரிந்த படகில் கேப்புக்கு மூன்று வேலை. பக்கவாட்டில் தாங்குகிறது. உச்சியைப் பின்னால் இழுத்து ஃபோர்ஸ்டேயை இறுக்குகிறது. கூடவே ஸ்ப்ரெடரை முன்னோக்கித் தள்ளி நடுப்பகுதியை முன்னால் வளைக்கிறது. லோயர் இதற்கு எதிர்வேலை பார்க்கிறது, நடுவைப் பின்னால் இழுத்து வளைவைக் குறைக்கிறது. ஆகவே கேப்பை இறுக்கினால் வளைவு கூடும், லோயரை இறுக்கினால் குறையும். இது மனதில் பதிந்துவிட்டால் மீதி வழிகாட்டியை நீங்களே பாதி எழுதிவிடலாம்.

தொடங்கும் முன்

காற்றில்லாத நாளில், படகு தண்ணீரில் மிதக்கும்போது செய்யுங்கள். அடியில் கீல் என்ற கனமான தகடு உள்ள படகை டிரெய்லரில் வைத்து எடுத்த அளவு தண்ணீரில் நிற்காது, ஏனென்றால் படகின் உடலான ஹல் தாங்கப்படும் விதமே வேறு. ஆட்கள் எல்லோரும் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கவும் கூடாது.

கம்பிகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி எங்காவது சிக்கினால் ஒரு இழை அறுந்திருக்கிறது என்று பொருள், அந்தக் கம்பியை மாற்றாமல் மேற்கொண்டு போகவேண்டாம். கம்பி அதன் முனைப் பொருத்தியான டெர்மினலுக்குள் நுழையும் இடத்தில் துரு வழிகிறதா, வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் திருப்பும் டர்ன்பக்கிளின் மரைகளுக்கு லானோலின் அல்லது அதுபோன்ற கிரீஸ் கட்டாயம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் மரை ஸ்டெயின்லெஸ் மரையோடு இறுக்கத்தில் உரசினால் ஒட்டிக்கொண்டு பூட்டிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

டர்ன்பக்கிளைத் திருப்பும்போது மேலே உள்ள டெர்மினலை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கம்பியே முறுக்கிக்கொள்ளும், நீங்கள் எண்ணும் சுற்றுக்கணக்கும் பொய்யாகிவிடும். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று மார்க்கரில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால், பந்தயக் காலையின் பரபரப்பில் யாரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டாம்.

படி 1: பக்கவாட்டில் நடு

எல்லா ஷ்ரௌட்களையும் கையால் திருப்பும் அளவுக்குத் தளர்த்துங்கள். பேக்ஸ்டேயையும் விட்டுவிடுங்கள். பெரிய பாயான மெயினை ஏற்றும் கயிறுதான் மெயின் ஹாலியார்ட். அதில் ஒரு ஸ்டீல் டேப்பைக் கட்டி மேலே ஏற்றி, கீழ்முனையை இடப்பக்கம் ஷ்ரௌட்டைப் படகோடு பொருத்தும் செயின்பிளேட் அருகே டெக் விளிம்பில் ஒரு புள்ளிக்குக் கொண்டுவந்து அளவெடுங்கள். பிறகு அதே இழுப்பில் வலப்பக்கம். இரண்டு அளவும் ஒன்றாகும்வரை ஒரு பக்கக் கேப்பைத் தளர்த்தி மறுபக்கத்தை அதே அளவு இறுக்குங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. செயின்பிளேட்கள் படகின் நடுக்கோட்டிலிருந்து சமதூரத்தில் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. பழைய படகுகளில் பல மி.மீ. வித்தியாசம் இருப்பதுண்டு. அளக்கும் புள்ளிகளை ஃபோர்ஸ்டே பொருத்தும் இடத்திலிருந்து இரு பக்கமும் அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஹாலியார்டின் கப்பி உச்சியில் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக இருக்கலாம். அப்படியானால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கழித்தாக வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? 12 மீட்டர் உயரப் பாய்மரம், செயின்பிளேட் நடுக்கோட்டிலிருந்து 1.2 மீட்டர் என்றால் விகிதம் பத்துக்கு ஒன்று. ஒரு கேப்பை 1 மி.மீ. கூட்டி மற்றதை 1 மி.மீ. குறைத்தாலே உச்சி ஏறக்குறைய 1 செ.மீ. நகர்ந்துவிடும். பாய்மரம் ஒரு பக்கம் சாய்ந்த படகு ஒரு டாக்கில், அதாவது காற்று ஒரு பக்கத்திலிருந்து வரும்போது, நன்றாக ஏறும், மறு டாக்கில் ஏறாது. ஓட்டுபவர் சுக்கானையும் பாயையும் திட்டிக்கொண்டிருப்பார்.

அடியும் நடுவில் இருக்கவேண்டும். பாய்மரம் டெக்கைத் துளைத்துக் கீல் வரை இறங்கும் படகில், டெக் துளையில் பக்கவாட்டு ஆப்புகள் இருபுறமும் ஒரே தடிமனில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: ரேக்

பாய்மரம் மொத்தமாகப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுதான் ரேக். அதைத் தீர்மானிப்பது ஃபோர்ஸ்டேயின் நீளம். மெயின் ஹாலியார்டில் ஒரு கனமான சாவியைத் தொங்கவிட்டு, அது ஆடாமல் நின்றதும் மெயின் பாயின் அடிக்கழியான பூமின் உயரத்தில் பாய்மரத்தின் பின்பக்கத்துக்கும் ஹாலியார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுதான் ரேக். சாவி காற்றில் ஆடுகிறது என்றால் அதை ஒரு வாளித் தண்ணீரில் முங்கவிடுங்கள். பல சிறிய படகு வகுப்புகளில் உச்சியிலிருந்து படகின் பின்பலகை வரை டேப்பால் அளக்கும் வழக்கம் இருக்கிறது. எந்த முறையானாலும் எப்போதும் அதையே பின்பற்றுங்கள்.

ஃபோர்ஸ்டேயை 1 செ.மீ. நீட்டினால் உச்சி 3 செ.மீ.க்கு மேல் பின்னால் போகும். சரியான கணக்கு பாய்மர உயரத்தையும் பாய்மரத்துக்கும் ஃபோர்ஸ்டேக்கும் இடையிலான முன்முக்கோணத்தின் அகலத்தையும் பொறுத்தது. ரேக் கூடினால் பாய்களின் மொத்தத் தள்ளுவிசை பின்னுக்கு நகர்ந்து, படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். இதைத்தான் வெதர் ஹெல்ம் என்கிறார்கள். கொஞ்சம் இருப்பது நல்லது. நடுத்தரக் காற்றில் ஏறும்போது சுக்கான் 3 முதல் 5 டிகிரி திரும்பியிருந்தால் போதும். சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லர் 1 மீட்டர் நீளம் என்றால் அது நுனியில் 5 முதல் 9 செ.மீ. டில்லரின் நடுநிலையில் டெக்கில் ஒரு டேப் ஒட்டி வைத்தால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். அதற்கு மேல் இழுக்கவேண்டியிருந்தால் சுக்கான் பிரேக் போடுகிறது, ரேக்கைக் குறைக்கவேண்டும். டில்லர் உயிரில்லாமல் நடுவிலேயே கிடந்தால் ரேக்கைக் கூட்டவேண்டும்.

உங்கள் படகு எல்லாப் படகும் ஒரே வடிவமைப்பில் இருக்கும் ஒன்-டிசைன் வகுப்பு என்றால் ஃபோர்ஸ்டே நீளத்துக்கு விதியில் எல்லை இருக்கலாம், முதலில் அதைப் படியுங்கள். பாய் தைத்த நிறுவனமும் அந்த வகுப்புக்கான டியூனிங் தாள் ஒன்றை வெளியிட்டிருக்கும். தொடக்கப்புள்ளியாக அதைவிட நல்லது கிடையாது.

ரேக்கை மாற்றினால் மற்ற எல்லாம் மாறும். செயின்பிளேட் பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் படகில் ரேக்கைக் கூட்டியதுமே கேப் தளர்ந்துவிடும். இறுக்கத்தைப் பார்த்துப் பார்த்து வைத்துவிட்டு, பிறகு ரேக்கில் கை வைப்பவர் அன்றைய மதியத்தை இரண்டு முறை வாழ்கிறார்.

படி 3: கேப்பும் ப்ரீபெண்டும் சேர்ந்து

இப்போது கேப்களை இறுக்கத் தொடங்குங்கள். ஒரு பக்கம் அரைச் சுற்று, மறுபக்கம் அரைச் சுற்று என்று மாறி மாறிப் போங்கள். லோயர்கள் இன்னும் தளர்வாகவே இருக்கட்டும். கேப் இறுக இறுகப் பாய்மரத்தின் நடு முன்னோக்கி வளைவது தெரியும். இதுதான் ப்ரீபெண்ட், பாய் ஏற்றுவதற்கு முன்பே இருக்கும் வளைவு.

அதை அளக்க மெயின் ஹாலியார்டை பூம் இணைப்புக்குக் கொண்டுவந்து, பாய்மரத்தின் பின்பக்கத்தை ஒட்டி விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். பாய்மரத்துக்கும் அந்த நேர்க்கோட்டுக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளியே அளவு. மேலே எட்டாது என்பதால் பாய்மரத்தின் முன்பின் அகலத்தை அளவுகோலாக வைத்துக் கண்மதிப்பாகச் சொல்வார்கள். அகலம் 100 மி.மீ., இடைவெளி அதில் பாதி என்றால் 50 மி.மீ. கீழே நின்று பைனாகுலரில் பார்த்தால் இன்னும் துல்லியம்.

எவ்வளவு வேண்டும் என்பதை மெயின் பாய்தான் சொல்லவேண்டும். பாயின் முன்விளிம்பை நேராக வெட்டுவதில்லை, ஒரு வளைவோடு வெட்டுகிறார்கள். பாய்மரம் அந்த வளைவைவிட நேராக இருந்தால் பாயின் முன்பகுதி குண்டாகிவிடும். அதைவிட அதிகம் வளைந்தால் பின்கீழ் மூலையிலிருந்து பாய்மரத்தின் நடுவை நோக்கிச் சாய்வாகச் சுருக்கங்கள் ஓடும். நல்ல காற்றில் பேக்ஸ்டேயை முழுக்க இழுத்தபோது இந்தச் சுருக்கம் லேசாக எட்டிப்பார்த்தால் சரியாக இருக்கிறது. லேசான காற்றில், பேக்ஸ்டேயைத் தொடாமலே அது தெரிந்தால் ப்ரீபெண்ட் அதிகம்.

ப்ரீபெண்ட் இல்லாமலோ, நடு பின்னோக்கி வளைந்தோ ஒருபோதும் விடாதீர்கள். அலையில் படகு முட்டும்போது நடுப்பகுதி பின்னால் துள்ளித் தலைகீழாக வளைந்தால் பாய்மரம் முறிவதற்கான நேர்வழி அது.

ஸ்ப்ரெடர் நேர்ப்பக்கவாட்டில் இருக்கும் மாஸ்ட்ஹெட் ரிக்கில் கேப் இந்த வளைவைத் தராது. அங்கே முன் லோயரை இறுக்கியும், டெக் துளை ஆப்புகளை மாற்றியும் வரவழைக்கவேண்டும். கீல்வரை இறங்கும் பாய்மரத்தில் அடியைச் சில மி.மீ. பின்னால் நகர்த்தினாலும் கீழ்ப்பகுதியின் வளைவு கூடும்.

எவ்வளவு இறுக்கம்? கேஜ் இல்லாமலும் அளக்கலாம்

ஸ்டீல் கம்பி இறுக்கினால் நீளும், அதுவும் கணக்காக நீளும். 19 இழைகளை முறுக்கிய 1×19 ஸ்டெயின்லெஸ் கம்பியில் 2 மீட்டர் நீளத்துக்கு 1 மி.மீ. நீட்சி என்றால் கம்பி அறுந்துபோகும் சுமையான முறிசுமையில் சுமார் 5 சதவீத இறுக்கம். கம்பி கையால் விறைப்பாக இருக்கும்போது 2 மீட்டர் மடக்கு அளவுகோலின் மேல்முனையைக் கம்பியோடு டேப் போட்டு ஒட்டுங்கள். கீழ்முனை டெர்மினலின் மேல்விளிம்பை ஒட்டி நிற்கட்டும். இறுக்க இறுக்க அந்த இடைவெளி திறக்கும். 3 மி.மீ. என்றால் 15 சதவீதம், 4 மி.மீ. என்றால் 20. பின்சரிந்த ஸ்ப்ரெடர் உள்ள ஃப்ராக்‌ஷனல் ரிக்கில் கேப் 20 சதவீதத்தை ஒட்டி இருப்பது வழக்கம். 25 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். மாஸ்ட்ஹெட் ரிக்குக்கு 15 முதல் 20 போதும்.

இந்தச் சதவீதங்கள் சின்னதாகத் தெரியும். முறிசுமை 2,000 கிலோ உள்ள கம்பி என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் ஒரு பக்கம் 400 கிலோ. இரண்டு கேப்பும் சேர்ந்து 800 கிலோ பாய்மரத்தைக் கீழே அழுத்துகின்றன, பாய் ஏற்றும் முன்பே. கேபின் கதவு திடீரென்று மூட மறுத்தால் ஹல் வளைகிறது என்று புரிந்துகொண்டு நிறுத்துங்கள்.

பந்தயத்தில் பொதுவாகப் புழங்குவது லூஸ் நிறுவனத்தின் கேஜ். கம்பி தடிமனுக்கு ஏற்ற மாடல் வேண்டும். ஒரு மாடலின் எண்ணும் இன்னொரு மாடலின் எண்ணும் ஒன்றல்ல. "நாங்க 28 வைக்கிறோம்" என்று யாராவது சொன்னால் எந்த கேஜ், எந்தத் தடிமன் கம்பி என்று கேட்காமல் நம்பாதீர்கள். எப்போதும் ஒரே உயரத்தில், பேக்ஸ்டேயை முழுக்க விட்டபிறகு, மூன்று முறை அளந்து நடுவில் வருவதை எழுதுங்கள்.

கார்பன் பாய்மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வெயிலில் ஸ்டீல் கம்பி நீளும், கார்பன் கிட்டத்தட்ட நீளாது. காலையில் வைத்த எண் உச்சிவேளையில் குறைந்து காட்டினால் யாரையும் சந்தேகிக்கவேண்டாம்.

படி 4: லோயர்

கன்னத்தைப் பாய்மரத்தின் பின்பக்கத்தில் ஒட்டி, பாய் ஏறும் பள்ளத்தின் வழியே ஒரு கண்ணை மூடி மேலே பாருங்கள். அந்தப் பள்ளம் ஒரே நேர்க்கோடாக உச்சிக்குப் போகவேண்டும். நடுவில் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் வலப்பக்க லோயரைக் கால் சுற்று இறுக்குங்கள். நேரானதும் இரு பக்கமும் சமமாக இறுக்கி ப்ரீபெண்டை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்டர்மீடியட் இருந்தால் அது கடைசியில், மற்றவற்றைவிடத் தளர்வாக. அதை இறுக்கினால் பாய்மரம் பாம்புபோல் நெளியத் தொடங்கும்.

படி 5: காற்றில்

உண்மையான வேலை இதுதான். 8 முதல் 12 நாட் (காற்று வேக அலகு) வரை ஒரே சீரான காற்று, அலை குறைவு, ஆட்கள் எல்லோரும் காற்றுப்பக்க விளிம்பில். மெயினையும் முன்பாயான ஜிப்பையும் இறுக்கி, காற்றை எதிர்த்து நெருக்கமாக ஏறுங்கள்.

முதலில் படகு சாயும் பக்கத்துக் கேப்பைத் தொட்டுப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினால் சற்று ஆடவேண்டும், அப்போதுதான் தளரத் தொடங்கும் நிலை. அலைக்கு அலை தொங்கி ஊசலாடினால் இறுக்கம் போதாது. ஒவ்வொரு அலையிலும் உச்சி உதறுகிறது, ஃபோர்ஸ்டே தொய்கிறது. மாறாக, இந்தக் காற்றில் அது வீணைக் கம்பிபோல் விறைத்திருந்தால் அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள், ஜிப் தேவைக்கு மேல் தட்டையாகும்.

பிறகு கன்னத்தை மறுபடி பாய்மரத்தில் ஒட்டி மேலே பாருங்கள்.

நடு படகு சாயும் பக்கம் தொய்ந்திருந்தால் லோயர் தளர்வு. உச்சி அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அவசரப்படாதீர்கள், அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கேப் தளர்வாக இருக்கலாம், அல்லது லோயர் மிதமிஞ்சி இறுகி நடுவைக் காற்றுப்பக்கம் இழுத்து வைத்திருக்கலாம். நடு நேர்க்கோட்டில் இருந்து உச்சி மட்டும் விலகினால் கேப். நடு காற்றுப்பக்கம் வயிறு தள்ளியிருந்தால் லோயர். ஃப்ராக்‌ஷனல் ரிக்கில் கேப் பிடிக்கும் இடத்துக்கு மேலே உள்ள துண்டைத் தாங்கப் பக்கவாட்டில் கம்பி கிடையாது, அது சற்று வளைவது இயல்பு. அதை நேராக்குகிறேன் என்று கேப்பை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

திருத்தும் முறை: சாயும் பக்கம் தளர்வாக இருப்பதால் அங்கேதான் டர்ன்பக்கிளைத் திருப்பவேண்டும். சுமையிலிருக்கும் காற்றுப்பக்கத்தைத் தொடாதீர்கள், மரை கெட்டுவிடும். அரைச் சுற்று திருப்புங்கள், எண்ணிக்கையை உரக்கச் சொல்லுங்கள், டாக் செய்யுங்கள், அதாவது காற்று மறுபக்கத்திலிருந்து வரும்படி படகைத் திருப்புங்கள், மறுபக்கம் அதே அரைச் சுற்று. மீண்டும் பாருங்கள். இரண்டு டாக்கிலும் ஒரே மாதிரி இருக்கும்வரை இதுதான் வேலை. ஒரு டாக்கில் நேராகவும் மறு டாக்கில் வளைந்தும் இருந்தால் இறுக்கம் சமமில்லை, அல்லது முதல் படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

ஃபோர்ஸ்டே தொய்வு

ஜிப்பின் வடிவத்தை மாற்றும் பெரிய நெம்புகோல் இது. தொய்வு, கம்பியின் மேல் ஒரு மீட்டருக்கு விழும் பக்கச்சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இறுக்கத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். 10 மீட்டர் ஃபோர்ஸ்டே, மீட்டருக்கு 3.5 கிலோ பக்கச்சுமை, 500 கிலோ இறுக்கம் என்றால் நடுவில் ஏறக்குறைய 9 செ.மீ. தொய்வு. இறுக்கத்தை 1,000 கிலோவாக்கினால் பாதியாகும்.

ஆனால் காற்றின் சுமை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 10 நாட்டிலிருந்து 14 நாட்டுக்குப் போனாலே சுமை இரட்டிப்பு. ஒன்றும் செய்யாமல் விட்டால், ஜிப் தட்டையாக இருக்கவேண்டிய நேரத்தில் குண்டாகிக்கொண்டே போகும். பேக்ஸ்டேயும், காற்றுக்கேற்ப மாற்றும் ஷ்ரௌட் செட்டிங்கும் இதற்காகத்தான். லேசான காற்றில் தளர்த்தினால் தொய்வு கூடி ஜிப்புக்கு வலு கிடைக்கும். பலத்த காற்றில் இறுக்கினால் ஜிப் தட்டையாகிப் படகு நிமிரும்.

அட்டை எழுதுவது

8 முதல் 12 நாட்டில் கிடைத்த செட்டிங்கை அடிப்படை என்று வைத்து, கேஜ் எண், ரேக், ப்ரீபெண்ட் மூன்றையும் எழுதுங்கள். மற்றக் காற்றுகளுக்குச் சுற்றுக்கணக்கு மட்டும் போதும். வடிவம் இப்படி இருக்கும், எண்கள் மாதிரிக்கு மட்டும்:

0–7 நாட்: கேப் 2 சுற்று தளர்வு, லோயர் 2 சுற்று தளர்வு
8–12 நாட்: அடிப்படை
13–17 நாட்: கேப் 2 சுற்று இறுக்கம், லோயர் 2 சுற்று இறுக்கம்
18க்கு மேல்: கேப் 4, லோயர் 5

கடைசி வரியில் லோயர் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், பலத்த காற்றில் பேக்ஸ்டேயும் கேப்பும் சேர்ந்து பாய்மரத்தை அளவுக்கு மேல் வளைத்துவிடும், லோயர்தான் அதைக் கட்டுப்படுத்தும். ஒரு சுற்று எவ்வளவு என்பது மரையைப் பொறுத்தது. 3/8 அங்குல மரையுள்ள, இருபுறமும் திறக்கும் டர்ன்பக்கிளில் ஒரு முழுச்சுற்று 2 மி.மீ.க்குச் சற்று மேல்.

பல ஒன்-டிசைன் வகுப்புகளில் பந்தயம் தொடங்கியபின் ஷ்ரௌட்டைத் தொடக்கூடாது. ஆகவே தொடக்கத்துக்கு முன் எடுக்கும் முடிவோடு அந்தப் பந்தயம் முழுக்க வாழவேண்டும். காற்று ஏறுமா இறங்குமா என்று தெரியாதபோது நான் அரைப் படி தளர்வான பக்கமே நிற்பேன். காற்று கூடினால் பேக்ஸ்டேயும் மெயின் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின் ஷீட்டும் ஓரளவு சமாளிக்கும். இறுக்கி வைத்த ரிக்குக்கு லேசான காற்றில் வலுவூட்ட வழியே கிடையாது.

பூட்டுவது

ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் மரை போதுமான அளவு உள்ளே ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். ஸ்ப்ளிட் பின் அல்லது வளையம் போட்டு, அதன்மேல் டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஜிப் ஷீட் அதைப் பிடுங்கிவிடும். அடிக்கடி மாற்றும் கேப்பில் வளையம் வசதி, தொடாத ஃபோர்ஸ்டேயில் ஸ்ப்ளிட் பின். படகைக் கட்டியதும் பேக்ஸ்டேயை விட்டுவிடுங்கள். புதுக்கம்பி என்றால் முதல் பலத்த காற்றுக்குப் பிறகு இழைகள் அமர்ந்து கேஜ் எண் இறங்கியிருக்கும். அன்று மாலையே முதல் படியிலிருந்து ஒருமுறை அளந்து, அட்டையில் தேதியோடு திருத்துங்கள்.